ஜே.பி. ஆன தம்பிக்கு

பெக்கோக், ஜொகூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் நலம். மழை விட்டபாடில்லை. கொல்லையில் வைத்த மிளகாய்ச் செடியெல்லாம் அழுகிவிட்டது. குளுவாங்கில் எல்லாரும் சுகம்தானே? பெரியவளுக்குச் சளி விட்டதா?

ஜே.பி. பட்டியலில் உன் பேர் வந்த அன்றே போனில் பேசிவிட்டோம். ஆனாலும் உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தோன்றியது. போனில் நான் வாயைத் திறந்தாலே "சரிக்கா, சரிக்கா" என்று நீ முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அது நடக்காது.

அன்று நீ ஒரு கேள்வி கேட்டாய்: "ஜே.பி.ன்னா டத்தோவுக்கு எத்தனை படி கீழக்கா?" நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். ஆனால் நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில், கோயில் கும்பாபிஷேக நோட்டீசில், பத்திரிகையின் வாழ்த்து விளம்பரத்தில் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு எழுத்து, மாலை போடும்போது யாரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்ய ஒரு வசதி, அவ்வளவுதான் என்று. உண்மையில் இது டத்தோ வரிசையில் பிறந்த பட்டமே இல்லை. இது ஒரு வேலையின் பேர்: ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ், அமைதி காக்கும் நீதிபதி. அந்த வேலைக்கு அறுநூறு வருஷத்துக்கு மேல் வயசு. அதில் பாதி காலம் அது யார் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது என்று தெரிந்தால் நீ இந்தப் பட்டத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி பிடிப்பாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். சரித்திரம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரம்மாவுக்குப் பென்சன் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் இப்படித்தான்.

முதலில் பிறந்த கதை. 1195-ல் இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்டு ராஜா. அவர் பெரும்பாலும் சிலுவைப் போர், பிரான்ஸ் என்று வெளியிலேயே இருந்தவர். ராஜா ஊரில் இல்லாத நாட்டில் அமைதியை யார் பார்ப்பது? பதினைந்து வயசுக்கு மேற்பட்ட ஆண்களிடமெல்லாம் "நான் அமைதி காப்பேன், கள்ளனுக்கு இடம் கொடுக்க மாட்டேன்" என்று சத்தியம் வாங்கும்படி, அந்தந்த வட்டாரத்து வீரப் பிரபுக்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அமைதிக் காவலர்கள், அவ்வளவே. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 1327-ல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படி நல்ல மனிதர்களை நியமிக்கச் சட்டம் வந்தது. 1361-ல்தான் அவர்கள் நீதிபதிகளாக நிலைபெற்றார்கள். ஒரு பிரபு, அவரோடு மாவட்டத்தில் மதிப்புள்ள மூன்று நாலு பேர், கூடவே சட்டம் தெரிந்த சிலர். ரவுடித்தனம் செய்பவனைப் பிடிக்கலாம், விசாரிக்கலாம், "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று ஜாமீன் எழுதி வாங்கலாம். தமிழ்நாட்டில் இன்றைக்கும் ரவுடிகளிடம் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குகிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இதுதான்.

இதில் ராஜாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. சம்பளத்துக்கு அதிகாரி வைத்தால் கஜானா தாங்காது. உள்ளூரில் நிலபுலன் உள்ளவனுக்குப் பட்டத்தைக் கொடுத்து வேலையை வாங்கிக்கொண்டால் செலவு மிச்சம். அவனுக்கோ ஊரில் மரியாதை. 1439-ல் இதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்: வருஷத்துக்கு இருபது பவுன் வருமானம் வரும் நிலம் இருந்தால்தான் ஜே.பி. ஆகலாம். ஆக, நிலம் வைத்திருப்பவன்தான் நீதிபதி. அவன் நிலத்தில் வேலை செய்கிறவன் யாரிடம் போய் முறையிடுவான்? இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

கொஞ்சம் பின்னால் போவோம். 1348-ல் கறுப்புச் சாவு என்கிற கொள்ளை நோய் இங்கிலாந்துக்குள் நுழைந்தது. இரண்டு வருஷத்தில் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது போயிருக்கும். பாதி என்றும் சொல்கிறார்கள். செத்தவர்கள் போக மிஞ்சிய கூலிக்காரர்களுக்கு முதல் தடவையாக ஒரு மதிப்பு வந்தது. அறுவடைக்கு ஆள் கிடைக்கவில்லை. "கூலியைக் கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போகிறேன்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நிலக்காரர்கள் பதறிப்போய் 1351-ல் தொழிலாளர் சட்டம் போட்டார்கள். நோய் வருவதற்கு முன்னால் என்ன கூலியோ அதே கூலிதான், அதற்கு மேல் வாங்கினாலும் குற்றம். ஆகஸ்டு மாசம் முதல் வாரம் கதிர் அறுக்க ஒரு நாளைக்கு இரண்டு பென்னி, அடுத்த வாரத்திலிருந்து மூன்று பென்னி, சாப்பாடு கிடையாது. மீறினால் காலைக் கட்டையில் மாட்டி உட்கார வைப்பார்கள். இதைக் கவனிக்கும் வேலை கொஞ்ச காலத்திலேயே யார் கைக்கு வந்தது தெரியுமா? நம் ஜே.பி.க்கள் கைக்கு.

1388-ல் கேம்பிரிட்ஜில் கூடிய பாராளுமன்றம் இன்னும் ஒரு படி போனது. வேலைக்காரனோ வேலைக்காரியோ, ஒப்பந்த காலம் முடிந்த பிறகும், தன் வட்டாரத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் ராஜாவின் முத்திரை குத்திய ஒரு சீட்டு கையில் இருக்க வேண்டும். எங்கே போகிறான், எப்போது திரும்புவான் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் கட்டையில் மாட்டிவிட்டு, பிறகு பழைய எஜமானிடமே திருப்பி அனுப்புவார்கள். அந்த முத்திரையை யாரிடம் கொடுத்து வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் ஜே.பி.க்கள். அதே வருஷம் இன்னொரு சட்டத்தில் ஜே.பி.க்களுக்குப் படி நிர்ணயித்தார்கள். வருஷத்தில் நாலு தடவை கூடி விசாரணை நடத்த வேண்டும், உட்காரும் நாளுக்கு நாலு ஷில்லிங். நாலு ஷில்லிங் என்றால் 48 பென்னி. மூன்று பென்னிக்குக் கதிர் அறுத்தவன் பதினாறு நாள் குனிந்தால் கிடைக்கிற காசு. நீ காண்டிராக்ட் கணக்குப் பார்க்கிறவன், உனக்கு இது சட்டென்று புரியும்.

இதை வாசிக்கும்போது எனக்கு நம் ரப்பர் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. உனக்கும் வந்திருக்கும். இங்கிலாந்திலிருந்து இந்தச் சட்டம் கப்பலேறி நம் ஆட்களிடமே வந்து சேர்ந்தது. 1859-ல் இந்தியாவில் பதின்மூன்றாம் எண் சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத ஆளை மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தலாம். பணத்தைத் திருப்பு, இல்லாவிட்டால் வேலையைச் செய், இரண்டும் இல்லாவிட்டால் மூன்று மாசம் வரைக்கும் உள்ளே. கடனுக்கு ஜெயில். நீலகிரி, வயநாட்டுத் தோட்டத் துரைமார்களுக்கு இது பெரிய ஆயுதம். இலங்கையில் 1865-ன் பதினொன்றாம் எண் சட்டமும் இதே ரகம். அங்கே தேயிலைத் தோட்டத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கையெழுத்துப் போட்ட துண்டு வேண்டும். இந்த ஆள் பேரில் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் ஆளோடு கூடவே போகும். 1388-ல் இங்கிலாந்துக் கூலிக்காரன் கையில் இருந்த சீட்டுக்கும் இந்தத் துண்டுக்கும் என்ன வித்தியாசம், நீயே சொல். துண்டு 1921-ல்தான் ஒழிந்தது.

மலாயாவில் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒப்பந்தக் கூலி. 'ஓடிப்போனான்' என்பது குற்றப் பத்திரிகையில் எழுதும் சொல். தோட்டத்தை விட்டுப் போனால் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி அபராதமோ ஜெயிலோ. ஒப்பந்த முறையை 1910-ல் நிறுத்தினார்கள். கங்காணி ஆள் பிடித்து வரும் முறை இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. இங்கிலாந்திலோ, வேலையை விட்டுப் போன தொழிலாளியை ஜெயிலில் போடும் சட்டத்தை 1875-லேயே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 1859-ன் சட்டம் நீங்க 1920களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே தன் நாட்டுக்காரனுக்குக் கூடாது என்று விட்டதை, இங்கே நம் ஆட்களுக்கு அரை நூற்றாண்டு நீட்டி வைத்திருந்தார்கள். மலாயாத் தோட்ட முதலாளிகளில் சிலரின் பேருக்குப் பின்னால் என்ன எழுத்து இருந்தது? ஜே.பி.

அம்மா பெரட்டுக்குப் போன கதை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைப்பிள்ளை. விடியும் முன்னே உன்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வாளியும் கத்தியுமாகப் போவாள். பெரட்டில் தண்டல் பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கிராணி எழுதுவதுதான் கணக்கு, துரை சொல்வதுதான் நியாயம். அம்மாவுக்கு ஒரு காகிதத்தைக் கண்டால் கையெல்லாம் நடுங்கும். "எழுத்து இருக்குற எடத்துல நம்ம பேரு மாட்டிக்கக் கூடாதுடி" என்பாள். அது வெறும் பயம் என்று நான் சின்ன வயசில் நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, அது மூன்று தலைமுறையாகச் சேர்த்து வைத்த அனுபவம்.

சரி, ஜே.பி.யை ஒரேயடியாகத் திட்டிக்கொண்டே போகக் கூடாது. நல்லதும் செய்திருக்கிறார்கள், கூத்தும் அடித்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கிலாந்தில் கிராமப்புறத்தையே நடத்தியவர்கள் அவர்கள்தான். 1552-லிருந்து சாராயக் கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது, 1601-ன் சட்டப்படி ஏழைகளுக்கான நிவாரணத்தை மேற்பார்வை பார்ப்பது, பாலம், ரோடு, ஜெயில் எல்லாம் அவர்கள் தலையில். 1662-க்குப் பிறகு, வெளியூரிலிருந்து வந்த ஏழைக் குடும்பம் ஊருக்குப் பாரமாகிவிடும் என்று பட்டால், இரண்டு ஜே.பி.க்கள் கையெழுத்துப் போட்டு சொந்த ஊருக்கே வண்டியேற்றிவிடலாம். வேலை பெருகிக்கொண்டே போனதால், பதினாறாம் நூற்றாண்டிலேயே, என்ன செய்வது எப்படிச் செய்வது என்று சொல்ல வில்லியம் லாம்பார்டு என்பவர் 'ஐரனார்க்கா' என்று ஒரு கையேடே எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஷாலோ என்று ஒரு ஜே.பி. வருவார். இளமையில் தான் அடித்த லூட்டியைப் பற்றி ஓயாமல் அளந்துகொண்டிருக்கும் கிழவர். உன் மச்சானுக்கு அந்தப் பாத்திரம் ரொம்பப் பிடிக்கும், காரணம் கேட்காதே.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பக்கத்தில் சில ஜே.பி.க்கள் இதைத் தொழிலாகவே நடத்தினார்கள். வாரண்டுக்கு இவ்வளவு, ஜாமீனுக்கு இவ்வளவு என்று கட்டணம் பிடுங்கிப் பிழைத்தவர்களை 'வியாபார ஜஸ்டிஸ்' என்றே ஜனங்கள் கேலி செய்தார்கள். அந்த நாற்றத்தை மாற்ற முயன்றவர் ஹென்றி ஃபீல்டிங். 'டாம் ஜோன்ஸ்' எழுதிய நாவலாசிரியரேதான். லண்டன் போ ஸ்ட்ரீட்டில் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து, 1749 வாக்கில் திருடனைப் பிடிக்க ஒரு சின்னப் படையை ஏற்பாடு செய்தார். லண்டன் போலீசுக்கு முன்னோடி அதுதான். இன்னொரு பக்கம், 1819 ஆகஸ்டு 16-ஆம் தேதி மான்செஸ்டர் செயின்ட் பீட்டர் மைதானம். ஓட்டுரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்தைக் கலைக்க உத்தரவு போட்டவர்களும் இதே உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகள்தான். குதிரைப்படை புகுந்ததில் பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். ஃபீல்டிங்குக்கு இருந்த அதே அதிகாரம்தான் அந்த மான்செஸ்டர் ஆட்களுக்கும் இருந்தது.

அப்புறம் காலம் மாறியது. 1888-ல் ரோடு, பாலம் போன்ற நிர்வாக வேலையெல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்களுக்குப் போய்விட்டது. 1906-ல் சொத்து இருக்க வேண்டும் என்ற விதியையும் தூக்கினார்கள். 1919-ல் பெண்களுக்கும் கதவு திறந்தது. முதல் பெண் ஜே.பி. ஏடா சம்மர்ஸ், ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊரின் மேயர். அந்த வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி பிரமாணம் எடுத்தார். இன்றைக்கும் இங்கிலாந்தில் குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கீழ் நீதிமன்றத்திலேயே முடிகின்றன. அங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரண ஜனங்கள். வாத்தியார், நர்சு, கடைக்காரர். அதுதான் ஜே.பி. மீண்டு வந்த கதை.

நம் பக்கம் எப்படி வந்தது? 1726-ல் முதலாம் ஜார்ஜ் ராஜாவின் சாசனம் சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் மேயர் நீதிமன்றம் கொடுத்தது. அதோடு கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையின் மூத்தவர்களும் ஜே.பி.க்கள் ஆனார்கள். 1793-ல் இன்னும் பலரை நியமிக்க வழி வந்தது. குப்பை அள்ளுவது, ராத்திரிக் காவல், ரோடு பழுது பார்ப்பது, அதற்காக வீட்டு வரி போடுவது, எல்லாம் அவர்கள் தலையில். நகராட்சி என்ற ஒன்று முளைத்ததே இந்த ஜே.பி. வேரிலிருந்துதான். ஆனால் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான். இந்தியர்களுக்கு 1832-ல்தான் சட்டம் வழிவிட்டது. பம்பாயில் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்றவர்கள் 1834-ல் முதலில் உள்ளே நுழைந்தார்கள்.

கடல் தாண்டி பினாங்குக்கு 1807-ன் சாசனத்தோடு ஆங்கில நீதிமன்றம் வந்தது. சிங்கப்பூரில் ரேபிள்ஸ் 1823-ல் பன்னிரண்டு வியாபாரிகளை மாஜிஸ்திரேட் ஆக்கினார்; எல்லாரும் வெள்ளையர்கள். ஆசியரில் முதல் ஜே.பி. டான் டோக் செங். அவர் பேரில் இன்றும் சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த ஏழைகள் மருத்துவமனைக்குப் பணம் கொடுத்தவர் அவர். நம் தமிழர்களில் நீ தெரிந்துகொள்ள வேண்டியவர் பி. கோவிந்தசாமிப் பிள்ளை. ஒரு காலத்தில் சிராங்கூன் ரோட்டில் பி.ஜி.பி. கடை என்றால் தெரியாதவர் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பலசரக்குக் கடையில் வேலை பார்த்து, பிறகு தானே கடைகள் நடத்தி, 1939-ல் ஜே.பி. ஆனார். சம்பாதித்ததைப் பெருமாள் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொட்டினார். அவரை யாரும் பட்டத்துக்காக நினைவில் வைத்திருக்கவில்லை, மண்டபத்துக்காகத்தான் வைத்திருக்கிறார்கள். பட்டம் கொடுத்தவர் யார் என்று இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது நம் நாடு. 1948-ன் கீழ்நிலை நீதிமன்றங்கள் சட்டம், 98-ஆம் பிரிவு. மாநில ஆட்சியாளர் ஜே.பி.யை நியமிக்கலாம். இரண்டாம் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு மேற்படாத அதிகாரம். ஆனால் படித்த மாஜிஸ்திரேட்டுகள் வந்துவிட்டதால் கோர்ட்டில் உட்காரும் வேலை அநேகமாக இல்லை. வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன, எங்களையும் உட்கார விடுங்கள் என்று 2004-ல் ஜே.பி. சங்கங்கள் கேட்டுப் பார்த்தன. மிஞ்சியிருப்பதில் முக்கியமானது ஜெயிலுக்குள் போய்க் கைதிகளின் குறை கேட்கும் வருகை நீதிபதி வேலை. அப்புறம் கையெழுத்தும் முத்திரையும். மலாய்க்காரர்கள் 'ஜக்சா பெண்டாமாய்' என்கிறார்கள். இலங்கையில் 'சமாதான நீதவான்'. அங்கே தெருவுக்குத் தெரு போர்டு தொங்கும். ஆள் அடையாளம், பிறப்புச் சான்று நகல், என்ன காகிதமானாலும் காலையில் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். அவர்களும் கோர்ட்டில் உட்காருவதில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

போன மாசம் பின்வீட்டு அக்கா ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழைய தோட்டத்தில் நம் அம்மாவோடு பால் மரம் வெட்டியவளின் மருமகள்தான். பேத்திக்குப் படிப்பு உதவிப் பணத்துக்கு மனு. நாலு பக்கம், எல்லாம் மலாயில். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிரப்பிக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் அப்பன் வருமானம். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் காண்டிராக்ட்டுக்காரனிடம் நாள் கூலி. சம்பளச் சீட்டு கிடையாது, ஈபிஎப் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கென்றே கீழே ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். இந்த வருமானம் உண்மைதான் என்று யாராவது உறுதி சொல்ல வேண்டும். பெங்ஹூலு, அரசாங்கத்தில் மேல்நிலை அதிகாரி, சட்டமன்ற உறுப்பினர், ஜக்சா பெண்டாமாய், இதில் ஒருவர். பேர், பதவி, கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் முத்திரைக்கு ஒரு சதுரம், காலியாக.

அந்தச் சதுரத்தை நிரப்ப அவர்கள் பட்ட பாடு இருக்கிறதே. முதல் நாள் போன இடத்தில் அதிகாரி மீட்டிங். அடுத்த தடவை "எனக்கு உங்களைத் தெரியாது, எப்படிப் போடுவது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் நியாயம்தான், தெரியாத ஆளுக்கு யார் போடுவார்? லாபிஸ், சிகாமட் என்று பஸ்ஸுக்கு நின்று, அப்பனுக்குக் கூலி போய், கடைசி நாளன்று ஒருவழியாகக் கிடைத்தது. இந்த ஊரில் தண்டவாளம் போட்டு 1909-லிருந்து ரயில் ஓடுகிறது, வாரக் கடைசியில் எண்டாவ் ரோம்பின் காட்டுக்கும் பந்தாங் அருவிக்கும் சிங்கப்பூர்க் காரெல்லாம் வரிசையாகப் போகிறது. ஆனால் ஒரு கூலிக்காரன் மகளுக்கு ஒரு முத்திரை கிடைப்பதற்கு மூன்று ஊர் அலைய வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும், அவள் அப்பனோடு நீ ஆற்றில் மீன் பிடித்திருக்கிறாய். "தெரியாது" என்று நீ சொல்ல முடியாது. அதுதான் தம்பி, உன்னைப் போல உள்ளூரில் பிறந்தவன் ஜே.பி. ஆவதில் இருக்கிற லாபம். ராஜா அன்றைக்கு உள்ளூர்க்காரனைத் தேடிப் பிடித்ததும் இதற்குத்தான். ஆளைத் தெரியும், ஊரைத் தெரியும். அப்போது அந்தத் தெரிந்த கண்ணை வைத்து ஓடிப்போனவனைப் பிடித்தார்கள். உன் கையில் இருக்கும் முத்திரையும் அதே வம்சத்து முத்திரைதான். இங்கிருந்து நகரக் கூடாது என்று நம் ஆட்களைக் கட்டிப் போட்ட சீட்டில் விழுந்த முத்திரை, இனி நம் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும் என்று விழ வேண்டும். அம்மா பயந்த காகிதத்தில் அவள் மகன் கையெழுத்துப் போடப் போகிறான் என்பதை நினைத்துத்தான் நான் அன்று போனில் பேசாமல் இருந்தேன். சிக்னல் போய்விட்டதோ என்று நீ "ஹலோ ஹலோ" என்று கத்தினாய்.

அதனால் அக்கா நாலு விஷயம் சொல்கிறேன், கோபிக்காமல் கேள்.

ஒன்று, மாசத்தில் ஒரு நாளாவது இங்கே வந்து உட்கார். குளுவாங்கில் உன் கடை வாசலிலும் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று ஒரு போர்டு மாட்டு. மலாயிலும் தமிழிலும் எழுது, சீனத்தில் எழுத உன் கணக்கப்பிள்ளையைக் கேள். முத்திரைக்கு மதமும் இனமும் கிடையாது. கம்போங் ஆட்களும் வரட்டும்.

இரண்டு, காசு தொடாதே. கோப்பிக் காசு என்று மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பழம், கோழி என்று கொண்டு வருவார்கள். கோழியைக்கூடத் திருப்பிக் கொடு. அந்த லண்டன் வியாபார ஜஸ்டிஸ்களும் முதல் நாளே கொள்ளையடிக்க உட்காரவில்லை, சில்லறையில்தான் ஆரம்பித்திருப்பார்கள்.

மூன்று, காலிப் பாரத்தில் ஒருநாளும் முத்திரை குத்தாதே. கட்சிக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டு வந்து "அண்ணே, போட்டு வையுங்க, அப்புறம் பேர் எழுதிக்கிறோம்" என்பார்கள். மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் நகலில் கையெழுத்து வேண்டாம். ஆள் எதிரே நிற்க வேண்டும், ஐ.சி.யைப் பார்க்க வேண்டும். ஒரு தடித்த நோட்டு வாங்கி, தேதி, பேர், எதற்காக என்று எழுதி வை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் உன் நோட்டுதான் உனக்குச் சாட்சி.

நான்கு, ஜெயிலுக்குப் போகிற வேலை கொடுத்தால் தட்டாதே. அங்கே நம் பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நிற்க வைத்து "ஏதாவது குறை உண்டா?" என்று மேலதிகாரி முன்னால் கேட்டால் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். சாப்பாட்டுத் தட்டைப் பார், காலில் சொறி இருக்கிறதா பார், வீட்டிலிருந்து கடைசியாக யார் வந்தார்கள் என்று கேள். தமிழில் கேள்.

பேருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள், எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. பெரியவள் கல்யாணப் பத்திரிகையில் போடத்தான் போகிறோம், உன் மச்சான் இப்போதே எழுத்து அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார். கோயில் தலைவர் உனக்கு மாலை மரியாதைக்கு நாள் கேட்டார். மரியாதையும் அன்றே இருக்கட்டும், வேலையும் அன்றே தொடங்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை, பூசை முடிந்ததும் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். முத்திரையையும் மைப்பெட்டியையும் மறக்காமல் எடுத்து வா. யார் யாருக்கு என்ன காகிதம் என்று நான் முன்கூட்டியே பார்த்து, மூலம் நகல் எல்லாம் வரிசைப்படுத்தி வைக்கிறேன். பின்வீட்டு அக்காவுக்கு இரண்டாவது பேத்திக்கும் ஒரு பாரம் இருக்கிறது, அதுதான் உன் கணக்கில் முதல் கையெழுத்து. மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு, உனக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல் செய்கிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா